ஐஸ் கணக்கில் ஒரு மரம்

வேதாளை ஐஸ் கம்பெனியில் எனக்கு இரவு வேலை.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நிற்கும் தகரக் கேன்களுக்குள்
நல்ல தண்ணீர் கட்டியாகும் வரை
அமோனியா நெடியில் விழித்திருப்பேன்.
படகு எது, பார் எத்தனை,
நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான்.

மார்கழி ஆறாம் நாள்
படகில்லாத ஒருவர் வந்தார்.
இபுராம்சா.
சவுதிக்கு வடக்கே அல்ஜவ்ஃபில்
பதினோரு வருடம் ஜைத்தூன் ஆலையில் நின்றவர்.
"நாலு பார் வேணும். மரத்துக்கு."

சிரிக்கத்தான் செய்தேன்.

அவர் தோட்டம் ஊருக்கே தெரியும்.
சீமைக்கருவேலத்தை வேரோடு புரட்டிவிட்டு
நாற்பது கன்று வைத்தார்.
கிணறு உவர்; மரம் தாங்கியது.
கச்சான் மணலை அள்ளி அடித்தது;
இலைகள் வெள்ளி முதுகு காட்டிக் குனிந்தன, நிமிர்ந்தன.
ஆடு ஒரு தரம் கடித்தது,
கசப்பு கண்டு
மறு தரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
ஏழு வருடம். ஆளுக்கு மேல் உயரம்.
பூ?
அதைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

பிழிபொறி தார்ப்பாய்க்குள் கிடந்தது.
சிவகாசியில் அடித்த இரண்டாயிரம் லேபிள்,
பச்சையில் எக்ஸ்ட்ரா வர்ஜின்,
பீரோப் புழுக்கத்தில்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"குளிரணும் மாப்ள.
மாசக்கணக்கா குளிர்ந்தாத்தான்
பூக்கணும்னு அதுக்கு ஞாபகம் வரும்.
நமக்கு வாடை அடிச்சாலும் இருபத்திரண்டு டிகிரி."

கிணற்றடி மரம் ஒன்றைத் தேர்ந்தோம்.
(தேர்ந்தோம் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)
சவுக்குக் கம்பு, தெர்மோகோல், பழைய பாய்த்துணி,
கிழிந்த வலையில் கட்டிய ஐஸ்
கிளைக்குக் கிளை தொங்கியது.
பகலில் திறப்பது, இரவில் மூடுவது.
அவர் மனைவி பெயரும் ஜைத்தூன்;
எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு.
"இந்த ஜைத்தூனுக்குப் பேன் ஓடல,
அந்த ஜைத்தூனுக்கு ஏசியா?" என்றாள்.
ஆனால் தெர்மாமீட்டர் பார்த்தது அவள்தான்,
நடுச்சாமத்தில், டார்ச் அடித்து,
அறுபது நாள்.

பங்குனியில்
வடக்குக் கிளையில் மட்டும்
நொய்யரிசி சிந்தியது போல் ஏதோ.
நான் கொசுமுட்டை என்றேன்.
இபுராம்சா செருப்பைக் கழற்றிவிட்டு
அருகே போனார்.

காற்று கொண்டுபோனது, மைனா கொண்டுபோனது போக
ஆவணியில் முப்பத்தோரு காய்.
ஞாயிறு வாசகத்தில் ஒலிவம் ஒலிவம் என்று
கேட்டிருக்கிறேன்; கையில் அதுதான் முதல் தடவை.
பொறிக்கு ஐம்பது கிலோ வேண்டும்.
வெளியே வெயில் முப்பத்தாறு;
அரைக்கும்போது இருபத்தேழைத் தாண்டினால்
எக்ஸ்ட்ரா வர்ஜின் இல்லையாம்.

ராத்திரி ரெண்டு மணி.
மூன்று முறை பூண்டு வாசம் போகக் கழுவிய சின்ன உரலோடு
இருவரும் ஐஸ் கம்பெனிக்கே வந்துவிட்டார்கள்.
இடித்தோம். அரைமணி நேரம் சும்மா கிண்டினோம்.
வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு
மூவரும் எதுவும் பேசாமல் நின்றோம்.
கம்ப்ரசர் மட்டும் ஓடியது.
கறுத்த சாற்றின் மேல்
மெல்லப் பச்சையாக ஒரு கண் திறந்தது.

ஒரு கரண்டி.
சோதனைக்கூடம் அரை லிட்டர் கேட்கும்.
"தொட்டு நக்கு" என்றார்.
புல் வாசம், பச்சைத் தக்காளி, பிறகு கசப்பு,
பிறகு தொண்டையில் மிளகு கிள்ளியது.
இருமினேன்.
"ரெண்டு தடவை இருமினான், கேட்டியா?"
மனைவி தோளைப் பிடித்து உலுக்கினார்.
"அசல்!"

விடியும் முன் கணக்கை முடித்தேன்.
பார் இருநூற்று நாற்பது, பாக்கி.
படகு என்ற கட்டத்தில்
ஜைத்தூன் என்று எழுதினேன்.
முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"யார் படகுடா இது?"
புதுசு, என்றேன்.
இன்னும் கடலில் இறக்கவில்லை.